சீர்த்தட்டில் வைத்த மருந்து டப்பா

அன்புள்ள கலைக்கு,

மூன்று முறை போனில் கேட்டுவிட்டாய். மூன்று முறையும் நழுவிவிட்டேன். முதல் தடவை அடுப்பில் பால் பொங்குகிறது என்றேன். அன்றைக்கு வீட்டில் பாலே வாங்கவில்லை. இரண்டாம் தடவை வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்றேன். மூன்றாம் தடவை நீ விடவில்லை. "என்னம்மா, மாசியில வளைகாப்பு முடிஞ்ச கையோட என்னை நம்ம வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா இல்லையா? அத்தை கேக்குறாங்க, நான் என்ன சொல்றது?" என்று நேராகவே கேட்டாய். போனை உன் அப்பாவின் கையில் திணித்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன். அவர் என்னத்தையோ உளறிச் சமாளித்தார். பேசத் தைரியம் இல்லாதவள் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, மடியில் பழைய காலண்டர் அட்டையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாலு வரிக்கு ஒரு தரம் அசதியாக இருக்கிறது. ஆனாலும் எழுத்தில் சொன்னால்தான் நீ குறுக்கே பேச முடியாது. நான் சொல்லி முடிக்கிற வரைக்குமாவது கேட்பாய்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைப்பிரசவத்துக்கு நீ இந்த வீட்டுக்கு வர வேண்டாம். பெற்ற தாய் தன் முதல் பெண்ணிடம் சொல்லக்கூடாத சொல் இது என்று எனக்குத் தெரியும். உன் மேல் கோபமும் இல்லை, வீட்டில் வசதிக் குறைவும் இல்லை. என் காலில் இருக்கிற புண்தான் காரணம். அந்தப் புண்ணைப் பற்றி உனக்கு இதுவரை சொன்னதில் பாதிதான் உண்மை. மீதியை இப்போது சொல்கிறேன். இந்தக் கடிதத்தை உன் மாமியாரும் படிக்கட்டும். சம்பந்தி வீட்டில் மரியாதை தெரியாதவர்கள் என்று அவர்கள் நினைப்பதைவிட, நான் எப்பேர்ப்பட்ட முட்டாள் என்று தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

ஆவணி மாதம் கொலு பொம்மை ஆர்டர் கழுத்தை நெரித்த சமயம் அது. எங்கள் பொம்மைக் கம்பெனியில் கலர் அடிக்கிற பெண்கள் பன்னிரண்டு பேருக்கும் நான்தான் பொறுப்பு என்பது உனக்குத் தெரிந்ததுதான். சூளைக்குப் பின்னால் உடைசல் கொட்டுகிற இடத்தில் ஒரு நாள் கால் வைத்துவிட்டேன். தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. கழுத்து உடைந்த செட்டியார் பொம்மை ஒன்றின் விளிம்பு, செருப்பைத் துளைத்துக்கொண்டு சுண்டு விரலுக்குக் கீழே ஏறிவிட்டது. சுட்ட சரக்கின் விளிம்பு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், பிளேடு தோற்றுவிடும். ஆனால் எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. வலிக்காததை நான் பெருமையாக நினைத்துக்கொண்டேன். சர்க்கரை ஏறிக் கால் மரத்துப் போனவர்களுக்குத்தான் அப்படி வலிக்காது என்று பிறகு டாக்டர் சொன்னார். எனக்குச் சர்க்கரை இருப்பதே ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்பதை நீயே சொல்லிவிடுவாய். டப்பாவை எடுத்தேன். கலர் புட்டிகளுக்குப் பக்கத்தில் மேல் தட்டில் இருக்குமே, மூடி நசுங்கின பிஸ்கட் டப்பா. பெண்கள் எல்லோரும் அதை அக்கா டப்பா என்பார்கள். காய்ச்சலா, பல்வலியா, கை அறுத்துக்கொண்டதா, அக்கா டப்பா. அதிலிருந்து ஒரு சிவப்பும் கறுப்புமான கேப்சூலை எடுத்து, இரண்டாகப் பிரித்து, உள்ளே இருக்கிற பொடியைக் காயத்தின் மேல் தூவினேன். அச்சில் களிமண் ஒட்டாமல் இருக்கப் பவுடர் தூவுகிற அதே விரல்கள், அதே தட்டல். இருபத்திரண்டு வருஷம் அச்சுக்குப் பவுடர் தூவியவளுக்குக் காயத்துக்கும் தூவுவது இயல்பாக வந்துவிட்டது. இந்த வைத்தியத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தேன், நானே பரப்பினேன். நம் பீங்கான் எஸ்டேட்டில் இன்றைக்கும் நாலைந்து கம்பெனிகளில் பெண்கள் இப்படித்தான் செய்கிறார்கள்.

உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கம்பெனிக்கு வருவாய். ஒரு நாள் வாசலில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாய். உன்னை மேசை மேல், காய வைத்த பிள்ளையார்களுக்கு நடுவே உட்கார வைத்துப் பொடி தூவினேன். நீ அழவே இல்லை. "எங்கம்மா டாக்டரு மாதிரி" என்று மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாய். உன் டீச்சர் என்னை மார்க்கெட்டில் பார்த்துச் சிரித்துக்கொண்டே விசாரித்தார். அந்தச் சிரிப்பை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். ஏழாம் வகுப்பில் உனக்குத் தொண்டை கட்டியபோதும் அதே டப்பாதான். மூன்று நாள் கொடுத்தேன், குணமானது, நிறுத்திவிட்டேன். மீதியை மறுபடி டப்பாவிலேயே போட்டு வைத்தேன்.

அந்த மீதிதான் டப்பாவே. நான் தனியாகக் கடைக்குப் போய் வாங்கி நிரப்பியது குறைவு. மெடிக்கலில் சீட்டு இல்லாமலே கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்பது உண்மைதான், ஆனால் பெரும்பாலும் அது மிச்சத்தில்தான் நிறைந்தது. யாருக்காவது டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தால், மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவோம். மிஞ்சியதைக் கொண்டு வந்து அக்காவிடம் கொடுப்பார்கள். வீணாக்காமல் இன்னொருத்திக்கு உதவட்டும் என்று நானும் சந்தோஷமாக வாங்கிப் போட்டுக்கொள்வேன். நல்ல காரியம் செய்கிறோம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒருத்தி லீவு போடாமல் மறுநாள் வேலைக்கு வந்து உட்கார்ந்தால் எனக்குப் பெருமையாக இருக்கும்.

என் காலுக்கும் அப்படித்தான். பொடி தூவினேன், மூன்று நாள் கேப்சூல் விழுங்கினேன், வீக்கம் வடிந்தது, நிறுத்தினேன். பத்து நாள் கழித்து மறுபடி வீங்கியது. இந்தத் தடவை வேறு கலர் கேப்சூல், இரண்டு நாள். அப்புறம் இன்னொன்று. நவராத்திரிக்குள் சரக்கு போக வேண்டும் என்று ஓடிக்கொண்டே இருந்தேன். ஐப்பசியில் ஒரு நாள் குளிரில் பல் கிட்டிப்போய் விழுந்தேன். உன் அப்பா ஆட்டோ பிடித்து நம்மூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே காலைப் பார்த்த உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். நீ அப்போது மூன்று மாதம், தண்ணீர் குடித்தாலும் வாந்தி. உன்னிடம் சின்னப் புண், கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லும்படி அப்பாவிடம் சத்தியம் வாங்கினேன். வீடியோவில் உனக்கு என் முகத்தை மட்டும்தான் காட்டினார். கலை, என் வலது காலில் சுண்டு விரல் இப்போது இல்லை. இதை நீ நேரில் பார்த்துத் திடுக்கிடுவதற்கு முன்னால் எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

விரல் போனதைக்கூட நான் தாங்கிக்கொண்டேன். நான் செய்த பெரிய தப்பு அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. சேர்ந்த அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியின் லேடி டாக்டர், உன் வயதுதான் இருக்கும், கட்டில் ஓரத்தில் நின்று கேட்டார். "புண்ணு வந்தப்புறம் மாத்திரை ஏதாச்சும் சாப்பிட்டீங்களாம்மா? நீங்களா வாங்கிச் சாப்பிட்டதா இருந்தாலும் பரவாயில்ல, சொல்லுங்க." நான், "ஒண்ணும் இல்லீங்க டாக்டர், மஞ்சதான் வெச்சேன்" என்றேன். கூசாமல் சொன்னேன். உன் அப்பா பக்கத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏன் பொய் சொன்னேன் என்று இன்றைக்கு வரைக்கும் யோசிக்கிறேன். படித்த பெண்ணின் முன்னால் திட்டு வாங்க வெட்கம். பன்னிரண்டு பேருக்கு டாக்டராக இருந்தவள், உண்மையான டாக்டர் முன்னால் திருடியைப் போல ஆகிவிட்டேன். என் பேச்சை நம்பி அவர்கள் வழக்கமான ஊசியில் ஆரம்பித்தார்கள். சீழ் எடுத்துச் சோதனைக்கும் அனுப்பியிருந்தார்கள், அது வர நாலு நாள். அந்த நாலு நாளும் ஊசி ஏறியது, காய்ச்சலும் ஏறியது. அதற்குள் விரல் கறுத்துப்போனது.

ஐந்தாம் நாள் டாக்டர் ஒரு தாளோடு வந்தார். தாளில் வரிசையாக மருந்துகளின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஓர் ஆங்கில எழுத்து. எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும், ஆர் என்றால் அடங்காது. என் தாளில் மேலிருந்து ஆர், ஆர், ஆர் என்று இறங்கிக்கொண்டே வந்தது. அடியில் இரண்டே இரண்டு எஸ். அவர் உட்கார்ந்து, மறுபடி கேட்டார், "அம்மா, நிஜமாவே எதுவும் சாப்பிடலையா?" அப்போதுதான் நான் அழுதேன். டப்பாவைப் பற்றிச் சொன்னேன், பொடியைப் பற்றிச் சொன்னேன், மூன்றாம் நாள் நிறுத்துவதைப் பற்றிச் சொன்னேன். அவர் திட்டவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "கிருமிய முழுசா அழிக்காம பாதியில விட்டா, அதுல திடமானது மட்டும் தப்பிச்சுக்கும்மா. அப்புறம் அதுதான் பெருகும். அடுத்த தடவை அந்த மருந்து அதை ஒண்ணும் பண்ணாது" என்றார். இத்தனையும் என்னால்தான் என்றும் அவர் சொல்லவில்லை. இந்த மாதிரிக் கிருமி ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிறது, வார்டிலிருந்தும் தொற்றியிருக்கலாம், எங்கிருந்து வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். உன் அப்பா அதையே பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் வந்ததுதான் என்று இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவருக்கு அது ஆறுதல். எனக்கு அந்த ஆறுதல் கிடைக்கவில்லை.

எனக்கு அந்த நேரத்தில் நம் சூளைதான் நினைவுக்கு வந்தது. சூளைக்குள் வைக்கிற சின்ன மண்கூம்பு, கோன் என்போமே, அது வளைந்து சாய்ந்தால்தான் உள்ளே சூடு பத்தியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு தடவை, கோன் சாயும் முன்னாலேயே சூளைக்காரர் நெருப்பை நிறுத்திவிட்டார் என்பதற்காக நான் போட்ட சண்டை உனக்கு நினைவிருக்கும். மேலே சிவந்துவிட்டால் உள்ளே வெந்ததாக ஆகிவிடுமா, என் சரக்கெல்லாம் பச்சையாகவே இருக்கிறதே என்று எஸ்டேட்டே கேட்கும்படி கத்தினேன். மண்ணுக்கு அத்தனை கறாராக இருந்தவள், என் உடம்புக்கும் உன் உடம்புக்கும் மட்டும் மூன்றாம் நாளே நெருப்பை நிறுத்தினேன். யாரிடம் போய்க் கத்துவது?

அதற்குப் பிறகு என்னை வார்டின் கோடியில் தனிக் கட்டிலுக்கு மாற்றினார்கள். தலைமாட்டில் ஓர் அட்டை தொங்கியது. நர்ஸ் பெண்கள் கையுறையும் மேலங்கியும் போட்டுக்கொண்டு வந்து, என்னைத் தொட்டுவிட்டு, கழற்றிப் போட்டு, கை கழுவிக்கொண்டு போவார்கள். வீட்டுக்கு விலக்கானவளை ஒதுக்கி உட்கார வைத்தது போல இருந்தது. அந்தப் பெண்கள் மேல் தப்பில்லை, எதிர்க் கட்டில்காரர்களைக் காப்பாற்றத்தான் செய்கிறார்கள் என்று புத்திக்குத் தெரிந்தது. மனசுக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு எஸ்ஸில் ஒரு மருந்தை ஏற்றினார்கள். கிட்னி தாங்குகிறதா என்று பார்க்கத் தினமும் ரத்தம் எடுத்தார்கள். கார்த்திகை தீபத்துக்கு நம் கம்பெனி அகல் விளக்குகள் ஊரெல்லாம் எரிந்திருக்கும். நான் அந்தக் கோடியில் படுத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழைத்துவிட்டேன். ஆனால் புண் இன்னும் முழுக்க மூடவில்லை, கட்டுத் துணியில் ஈரம் இருக்கிறது. முன்பு இருந்த தெம்பில் கால்வாசிகூட இல்லை. கிணற்றடிக்குப் போய் வந்தால் உட்கார்ந்துவிடுகிறேன்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு டாக்டர் கேட்டார், "வீட்டுல கைக்குழந்தைங்க யாராச்சும் இருக்காங்களா?" நான் முகமெல்லாம் சிரிப்பாக, "என் பொண்ணு முழுவாம இருக்குது, சித்திரையில பேரனோ பேத்தியோ நம்ம வூட்டுலதான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. புண் முழுக்கக் காய்ந்து, அவர் மறுபடி சோதித்துச் சரி என்று சொல்கிற வரைக்கும் பச்சைக் குழந்தையைத் தூக்கக்கூடாது என்றார். கிருமி உடம்பில் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் தங்கியிருக்கலாம். பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாது, கை கழுவினால் போதும். பிறந்த குழந்தைக்கு எதிர்த்து நிற்கத் தெம்பு இருக்காது, அதற்கு வந்துவிட்டால் கொடுப்பதற்கு மருந்தும் அதிகம் இல்லை. இவ்வளவுதான் அவர் சொன்னது. எனக்கு இந்தக் கடைசி வாக்கியம் மட்டும் காதிலேயே நிற்கிறது. என் தாளில் இரண்டு எஸ் இருந்தது. குழந்தையின் தாளில் அதுவும் இல்லாமல் போனால்?

நீ உண்டாகியிருக்கிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து நான் மனசுக்குள் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணைப்பலகையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, குழந்தையைக் காலின் மேல் போட்டு எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டுவது. உன்னை அப்படித்தான் குளிப்பாட்டினேன், உன் தலை என் கணுக்காலில் வந்து நிற்கும். கணுக்காலுக்குக் கீழேதான் இப்போது கட்டு இருக்கிறது. குழந்தையை எங்கே வைக்க வேண்டுமோ சரியாக அங்கேயே வந்து உட்கார்ந்துகொண்டது இந்தச் சனியன். மற்றதை எல்லாம் பொறுத்துக்கொண்டேன், இதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

உன் அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. "பெத்தவ வூட்டுக்கு வராம பொண்ணு எங்க போவும்? ஊர்ல என்ன பேசுவாங்க? நீ உள்ரூம்புல இரு, குழந்தையைத் தொடாத, அவ்வளவுதான?" என்றார். "அழுவுற குழந்தைய உள்ரூம்புலேருந்து கேட்டுக்கிட்டு நான் சும்மா இருப்பேனா? ஒரு தடவை தூக்கினா போதுமே" என்றேன். அவருக்கு என்னைத் தெரியும். போய்த் தோட்டத்துச் செடிகளுக்குத் தண்ணி ஊற்றினார். இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பஸ் ஏறிவிட்டார். உன் சித்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தார். என் தங்கை போனில் சொன்னது இவ்வளவுதான், "எனக்கும் அவ பொண்ணுதான்க்கா. மாடி ரூமைச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிட்டேன். நீ அழுவாத." ஆகவே வளைகாப்பு முடிந்ததும் உன்னைச் சித்தி வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். செய்ய வேண்டிய சீர் எதிலும் குறை இருக்காது. அப்பா அங்கேயே வந்து தங்கிவிடுவார், அந்த ஊர்ப் பஸ்ஸும் அவருக்கு அத்துப்படி. நான் வாசல் கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவேன். நீ மாடியிலிருந்து தூக்கிக் காட்டு. எனக்கு அது போதாது, ஆனால் அதுதான் இருக்கிறது.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் போன வாரம் வரைக்கும் நினைத்திருந்தேன். அப்புறம்தான் அஞ்சலை வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து பொம்மைகளுக்குக் கண் எழுதுவாளே, அவள்தான். பார்க்க வந்தவள் பாதியில் குரலைத் தாழ்த்தி, "அக்கா, நாலு நாளா ஒண்ணுக்குப் போனா எரியுது. டப்பாவக் கம்பெனியில காணோம், வூட்டுலதான இருக்குது? ரெண்டு குடுங்க" என்றாள். போன வருஷம் இதே எரிச்சலுக்கு மூன்று முறை நான்தான் கொடுத்தேன். மூன்று முறையும் மூன்று மூன்று நாள். டப்பா இல்லை, செக்கப்புக்குப் போனபோது ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கொடுத்துவிட்டேன், நீ போய் மூத்திரம் டெஸ்ட் எடு என்றேன். அவளுக்குச் சுருக்கென்றது. "லேப்புல போயி ஒரு நாளு நிக்கச் சொல்றீங்க. இத்தினி வருஷம் குடுத்தது நீங்கதான? இப்ப எனக்கு மட்டும் இல்லையா?" என்றாள். என் காலைக் காட்டினேன், எல்லாம் சொன்னேன். அவள் கேட்டாளே தவிர நம்பவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "கலைக்கு மட்டும் சீர்த்தட்டுல புதுசா டப்பா வெச்சு அனுப்புனீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். டெஸ்ட் எடுத்தாளா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

அவள் போன பிறகுதான் அது எனக்கு உறைத்தது. உன் கல்யாணத்துச் சீரில், குங்குமச் சிமிழுக்கும் மஞ்சள் கிழங்குக்கும் பக்கத்தில், எவர்சில்வர் மூடி போட்ட ஒரு சின்ன டப்பாவை நான்தான் வைத்தேன். புது ஊர், அவசரத்துக்கு யாரைக் கேட்பாய் என்று வைத்தேன். உன் மாமியார்கூடத் திறந்து பார்த்துவிட்டு, "சம்பந்தி ரொம்ப விவரம்" என்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. காய்ச்சல் மாத்திரை, தைலம், பஞ்சு, அதற்கடியில் அதே சிவப்புக் கறுப்புக் கேப்சூல். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த டப்பா ஒரு தடவைகூட என் நினைவுக்கு வரவில்லை. அஞ்சலை ஆத்திரத்தில் சொல்லாவிட்டால் இன்றைக்கும் வந்திருக்காது.

அப்போதுதான் நீ பொங்கலுக்கு முன்னால் போனில் சொன்னதும் ஞாபகம் வந்தது. குரல் கரகரவென்று இருந்தது. "என்னடி தொண்டை?" என்றேன். நீ சிரித்துக்கொண்டே, "ஒண்ணும் இல்லம்மா, சளிதான். உன் வைத்தியம் பண்ணிட்டேன், சரியாப் போச்சு" என்றாய். நான் சுக்குக் கஷாயம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைக்க ஆசைப்பட்டேன். என் வைத்தியம் என்று எனக்கு இருப்பது ஒன்றே ஒன்றுதான் கலை, அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீ சாப்பிட்டிருந்தால் நான் திட்ட மாட்டேன். உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பயந்து அழவும் வேண்டாம், சில மருந்துகள் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஆகும், சில ஆகாது, அது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது, உன் டாக்டருக்குத்தான் தெரியும். இந்த மாத செக்கப்புக்குப் போகும்போது அந்த டப்பாவை அப்படியே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போ. மேசை மேல் வை. எப்போது, எத்தனை நாள் சாப்பிட்டாய், எப்போது நிறுத்தினாய் என்று சொல். மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கிறாரே, மாமியார் கேட்கிறார்களே என்று கூச்சப்படாதே. அவமானம் எல்லாம் அந்த அறையோடு போய்விடும். என்னுடைய கூச்சத்துக்கு நாலு நாளும் ஒரு விரலும் ஆனது. உனக்கு அது எவ்வளவு ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே என்னால் முடியவில்லை.

போகும் முன்னால் எனக்காக ஒன்று செய். டப்பாவைத் திறந்து அந்தச் சிவப்புக் கறுப்புக் கேப்சூல் அட்டையை எடுத்து எண்ணிப் பார். நான் வைத்தபோது பத்து இருந்தது, பிரிக்காத முழு அட்டை. இன்றைக்கு எத்தனை இருக்கிறதோ அதை உன் டாக்டரிடம் சொல்லிவிட்டு, அப்புறம் எனக்குப் போன் செய். இந்தத் தடவை பால் பொங்காது, யாரும் கூப்பிட மாட்டார்கள், போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பேன். டாக்டர் கேட்கும்போது ஒன்றும் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. நானும் அதைத்தான் சொன்னேன்.

அம்மா